ஒன்பதும் பத்தும்

பழைய கட்டடத் தூண்களைச்
சுத்தியலால் தட்டிப் பார்ப்பது என் பிழைப்பு.
நல்ல கான்கிரீட் கணீரென்னும்.
உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தால்
ஓட்டை வாளியின் சத்தம்.
லால்பாகில் ஒரு மூன்றாம் மாடி,
தூணின் அடியைத் தட்டக் குனிந்தவன்
நிமிர முடியவில்லை.

அதற்கு முன்பே நாலு மாத வலி.
பரேல் டாக்டர் வாயு என்றார்.
இன்னொருவர் பைக்கை விடச் சொன்னார்.
மாட்டுங்காவில் தைலம் தேய்த்தவர்
எழுநூறு வாங்கிக்கொண்டு
சுளுக்கு என்றார்.
"சுளுக்கு ராத்திரி மூணு மணிக்கு எழுப்பாது"
என்றாள் செண்பகவல்லி.
விரிப்பில் என் உருவம் வேர்வையில் வரைந்து கிடந்ததை
அவள்தான் பார்த்தாள்.
பெல்ட்டில் ஆணியால் நான் போட்ட
மூன்று புது ஓட்டைகளையும்.

சயானில் எம்.ஆர்.ஐ.க்குப் பதினோரு நாள் காத்திருப்பு.
குழாய்க்குள்
யாரோ என்னைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
பழக்கதோஷம், நானும் கணக்குப் போட்டேன்:
நல்லது. நல்லது. பொக்கு. பொக்கு.

டாக்டர் பொங்க்ஷே படத்தை வெளிச்சத்தில் மாட்டி
பேனா முனையால் எண்ணினார்.
ஒன்பதாம் எலும்பு, பத்தாம் எலும்பு,
நடுவிலிருந்த மெத்தை கரைந்துபோய்
பக்கத்தில் சீழ், சுடாத சீழ்.
தண்டுவடத்தை இன்னும் தொடவில்லை.
"டி.பி. மாதிரி இருக்கிறது."
"எனக்கு இருமலே இல்லையே, டாக்டர்."
"எலும்பு எங்கே இருமும்?"

மாதிரி இருக்கிறது என்றால்
மாதிரி எடுக்கவேண்டும். எங்கள் தொழிலிலும் அதுதான்,
கோர் எடுத்து நசுக்கிப் பார்க்காமல்
எந்தக் கட்டடத்தையும் கைவிடக் கூடாது.
குப்புறப் போட்டு, சி.டி.யில் பார்த்தபடி
முதுகில் ஊசி இறக்கினார்கள்.
எத்தனை தூணைத் துளைத்திருக்கிறேன்,
ஒன்றையாவது கேட்டேனா
வலிக்கிறதா என்று.

இரண்டு நாளில் பதில் வந்தது:
கிருமி உண்டு. ரிஃபாம்பிசினுக்கு அடங்கும்.
கல்ச்சர் ஆறு வாரம் கழித்து
அதையே நிதானமாகச் சொன்னது.

நாற்பத்தேழு கிலோவுக்கு மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில்.
முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சாய்ப் போனது.
டாக்டர் சொல்லியிருந்தார்தான்,
இருந்தும் பயந்து கத்தினேன்.
செண்பகவல்லி எட்டிப் பார்த்து
"துரு இறங்குது" என்றாள்.

நெஞ்சிலிருந்து இடுப்புவரை பட்டை.
எங்கள் பாஷையில் ஜாக்கி:
கூரையைத் தாங்கும், குணமாக்காது.
கல்லீரலுக்கு ரத்தம் கொடுத்தேன்.
கண்ணுக்கு, புள்ளிகளில் ஒளிந்த எண்ணைப் படித்தேன்:
எழுபத்துநாலு, ஆறு, பன்னிரண்டு.
மூன்றாம் மாதம் வலி போய்விட்டது.
அதுதான் ஆபத்தான மாதம்.
டப்பாவை அலமாரி மேல் போட்டு
நாலு நாள் மறந்தேன்,
மறந்ததாக நடித்தேன்.
ஐந்தாம் நாள் தட்டில் இட்லி இல்லை,
மூன்று மாத்திரை இருந்தது.

தீபாவளிக்கு மைத்துனன் வீட்டில்
எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர்,
எனக்குக் காகிதக் கோப்பை.
அவள் அதை என் கையிலிருந்து வாங்கி
மிச்சத்தைக் குடித்துவிட்டுச் சபையில் சொன்னாள்:
"எலும்பு இருமாது, அண்ணி."

பன்னிரண்டு மாதம் முடிந்ததும் போகச் சொன்னார்கள்.
கடைசிப் படத்தில்
ஒன்பதும் பத்தும் ஒரே எலும்பு.
கொஞ்சம் வளைந்து,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறைந்துவிட்டன.
"இனி பிரியாது" என்றார் பொங்க்ஷே.
உயரம் இரண்டு சென்டிமீட்டர் போனது.
சட்டை பின்னால் சற்றுத் தூக்குகிறது.

லால்பாக் கட்டடம் இப்போது இல்லை.
நீலத் தகர வேலி, உள்ளே மழைத்தண்ணீர்.
"பழுது பார்க்க இயலாது" என்ற அறிக்கையில்
என் கையெழுத்தும் இருந்தது.
சரியான அறிக்கைதான்.
கட்டடம் மாத்திரை விழுங்காது.

நேற்று பைகுல்லாவில் ஒரு தூண்.
தட்டுவதற்கு முன் உள்ளங்கையை வைத்தேன்.
ஜூலை ஈரம்.
கூட வந்த பையன் சுத்தியலை நீட்டியபடி
என்னையே பார்த்தான்.
"எழுதிக்கோ" என்றேன்.
"மூணாம் மாடி, வடக்குத் தூண்.
சந்தேகம்.
கோர் எடுக்கணும்."